பதினான்காம் கேள்வி

மார்ச் 3, செவ்வாய்

தும்பி, இன்றைக்கு அம்மா தரை துடைக்கிற மாப்பைக் கையில் பிடித்தபடியே கால் மணி நேரம் நின்றுவிட்டேன். நல்ல வேளை, மேற்பார்வைக்காரர் இரண்டாம் மாடியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாடி ஆராய்ச்சி அறையில் குப்பைக்கூடை நிறையக் காகிதம் கிடந்தது. ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. அச்சில் ஏதோ தப்பு விழுந்துவிட்டதாம், மொத்தமாகத் தூக்கிப் போட்டிருந்தார்கள். வெள்ளைத் தாளைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. எடுத்து அடுக்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. பதினான்காம் கேள்வி.

"கடைசியாக உங்கள் பிள்ளைக்குப் பயப்படும்படி உடம்பு சரியில்லாமல் போனபோது, எவ்வளவு நேரம் பொறுத்திருந்து மருத்துவமனைக்குப் போனீர்கள்?"

அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். மணி நேரம் என்று போட்டிருந்தது.

ஐந்து. அம்மாவுடைய பதில் ஐந்து. காலை பதினொன்றிலிருந்து சாயங்காலம் நாலு வரைக்கும். இந்த ஐந்தை ஏழு மாதமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவிடம்கூட, "மதியத்துக்கு மேலதான் மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது"ன்னுதான் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே ஒரு காகிதம் முகம் தெரியாதவர்களை எல்லாம் கூப்பிட்டு அதையே கேட்கிறது.

மற்ற அம்மாக்கள் என்ன எழுதுவார்கள்? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

இந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து நண்டு மாதிரிதான் போகும். பரவாயில்லை, படிக்க யார் இருக்கிறார்கள்.

மார்ச் 4, புதன்

அந்த அறையில் இரண்டு பேர். ஒருவர் டாக்டரம்மா. ஊசி போடாத டாக்டர், கேள்வி கேட்கிற டாக்டர். இன்னொருவர் பதில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாற்பது தும்மல் போடுவார். நாங்கள் துப்புரவுக்காரர்கள் அவருக்குத் தும்மல் அண்ணன் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஜன்னல் துடைக்கிற சாக்கில் அவர்கள் பேச்சைக் கேட்டேன்.

"மொத்தம் எவ்வளவு வந்திருக்கு?"

"அஞ்சு வாரத்துல இருபத்து மூணு. இந்த வேகத்துல போனா என் பேரன் அப்பாவாகி வந்து எழுதினாத்தான் முந்நூறு ஆகும்."

விஷயம் இதுதான். பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால் பெற்றவர்கள் ஏன் தாமதமாகக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று இவர்கள் பார்க்கிறார்கள். பத்து வயசுக்குள் பிள்ளை வைத்திருக்கிற முந்நூறு பேர் ஃபாரம் எழுத வேண்டும். இந்த மாதம் முப்பத்தொன்றுக்குள் முந்நூறு சேரவில்லை என்றால் மேலிடம் இதை மூடிவிடும். சேர்ந்தது எல்லாம் அலமாரிக்குள் போகும். எழுதுகிறவர்களுக்கு ஒரு பரிசு கொடுக்கவோ, விளம்பரம் போடவோ கையில் ஒன்றுமில்லை.

லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அடியில் போன் நம்பரைத் துண்டு துண்டாக வெட்டித் தொங்கவிட்டு, வேண்டியவர்கள் கிழித்துக்கொண்டு போகலாம் என்று. ஐந்து வாரமாக ஒரு துண்டும் குறையவில்லை. தினமும் அதைத் தூசி தட்டுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? முதல் ஆளாகக் கிழிக்க எல்லோருக்கும் கூச்சம். காலையில் நானே நாலைக் கிழித்தேன், வரிசையாக இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக. வேலை முடிந்து கிளம்பும்போது பார்த்தால் இன்னும் ஏழு காணோம்.

அறைக்குள் போய்ச் சொன்னேன். "நோட்டீஸ்ல பதினொண்ணு போயிருக்கும்மா. நாலு என்னது."

டாக்டரம்மா முதலில் புரியாமல் பார்த்தார். அப்புறம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அக்கா, உங்களுக்கு வேற என்னெல்லாம் தோணுது?"

"பள்ளிக்கூட வாசல் தோணுது. எனக்கு வேலை ரெண்டரைக்கு முடிஞ்சிடும். ஃபாரத்தைக் கொடுங்க, நான் வாங்கிட்டு வர்றேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மார்ச் 6, வெள்ளி

இன்றைக்குப் பாடம். கட்டாயப்படுத்தக் கூடாது. பெயர் எழுதச் சொல்லக் கூடாது. இஷ்டமில்லை என்றால் நடுவில் நிறுத்தலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதில் சொல்லிக் கொடுக்கக் கூடாது. ஓரத்தில் தேதியும் ஒரு எழுத்தும் போட வேண்டும்: பள்ளி வாசல் என்றால் ப, சலூன் என்றால் ச. எந்த இடத்தில் ஆள் சுலபமாகக் கிடைக்கிறார்கள் என்று அதையும் பார்ப்பார்களாம்.

இதற்கெல்லாம் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். தும்மல் அண்ணன் பார்த்துவிட்டு, "கையெழுத்தைப் பார்த்தா நீங்கதான் டாக்டர் மாதிரி இருக்கு"ன்னார்.

மார்ச் 9, திங்கள்

பள்ளி வாசலில் இரண்டு மணி நேரம் நின்று இரண்டே ஃபாரம். மணி அடித்ததும் பிள்ளைகள் வந்து கையைப் பிடித்து இழுக்கிறார்கள், அப்பன் ஆத்தா எங்கே நிற்பது?

உன் பள்ளிக்கூடம் இல்லை இது. அந்தத் தெருவுக்கு நான் இன்னும் போகவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பதினான்கு ஃபாரம்!

மணி அடிப்பதற்கு இருபது நிமிஷம் முன்னாடியே போனேன். அந்த இருபது நிமிஷம் இருக்கிறதே, அதுதான். வந்தவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. போனை எடுத்துப் பார்ப்பார்கள், வைப்பார்கள், சுவரைப் பார்ப்பார்கள். அட்டையும் அதில் கயிற்றில் கட்டின பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன். பேனா இல்லை என்கிற சாக்கு ஒழிந்தது.

கற்றுக்கொண்டது: அப்பாக்கள் தனித்தனியாகச் சாய்ந்து நிற்பார்கள், ஒவ்வொருவராகத்தான் போய்க் கேட்க வேண்டும். அம்மாக்கள் கூட்டமாக நிற்பார்கள். அதில் சத்தமாகச் சிரிக்கிறவரைக் கேட்டால் போதும், மற்றவர்கள் தானாக வருவார்கள்.

ஒரு அம்மா கேட்டார், "இதை எழுதினா எங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காதுங்க."

"அட, உண்மையைச் சொல்றீங்களே!" என்று வாங்கி எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 11, புதன்

அந்தச் சிரிப்பு அம்மா வகுப்பு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறேன் என்றார். போட்டார். நாற்பத்தொரு கட்டைவிரல் வந்ததாம். எழுதினவர் ஒருவர், அவரும் பாதியில் நிறுத்திவிட்டார். கட்டைவிரலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

மார்ச் 12, வியாழன்

சலூன். பிள்ளைகளுக்கு முடி வெட்டக் கூட்டிவருகிற அப்பாக்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், எழுந்து போகவும் முடியாது. சலூன்காரருக்கு வாய் அதிகம். வருகிறவர்களிடம் எல்லாம், "இன்னிக்கு முடி வெட்டினா ஃபாரம் இலவசம்! அக்கா கையால வாங்கிக்குங்க!" என்று கூவினார். ஒருவர் போர்வைக்குள் இருந்து, "கை உள்ள மாட்டிக்கிச்சு, நீங்களே கேட்டு எழுதுங்களேன்" என்றார். மாட்டேன் என்றேன். வெட்டி முடிக்கிறவரைக்கும் நின்று வாங்கினேன். ஒன்பது.

வாங்குகிற ஃபாரத்தை மடித்துப் பையில் போடுகிறேன். உள்ளே பார்ப்பதில்லை. பார்க்கக் கை பரபரக்கிறது, ஆனாலும் பார்ப்பதில்லை.

பதினைந்தாம் கேள்வி தாமதத்துக்குக் காரணம் கேட்கிறது. தூரம், வண்டி இல்லை, பணம், தானே சரியாகிவிடும் என்று நினைத்தேன், மற்றவை. என் காரணத்துக்கு அதில் கட்டம் இல்லை.

போன ஜூனில் உனக்கு முதல் தடவை மூச்சு இழுத்ததே. செருப்புக்கூடப் போடாமல் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரி வாசல் மிதித்ததும் உனக்கு நின்றுவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு சிரித்தாய். அந்த நர்ஸ் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இதுக்கெல்லாமா தூக்கிட்டு வர்றது? இங்க என்ன நாங்க சும்மாவா உட்கார்ந்திருக்கோம்?" வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். எனக்குக் காது சுட்டது. துடைக்கிற வேலைக்காரி, நாலு பேர் முன்னால் பேச்சு வாங்குவது புதுசா என்ன? ஆனால் அன்றைக்கு நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆகஸ்ட்டில் மறுபடி இழுத்தபோது அந்தக் குரல்தான் முதலில் கேட்டது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். இன்னும் கொஞ்சம். சிரிச்சிட்டா திரும்பத் திட்டுவாங்களே... நீ சிரிக்கவே இல்லையேடி.

மார்ச் 14, சனி

சலவை மிஷின் கடைக்குப் போனேன். துணி சுற்றி முடிக்க முக்கால் மணி ஆகும், ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். மூன்று பேர் முடியாது என்றார்கள். நாலாவது ஒரு அம்மா, மடியில் கைக்குழந்தை. "யோசிச்சு சொல்றேன். உங்களுக்கு எத்தனை பசங்க?"

வாயில் வந்துவிட்டது. "ஒரே பொண்ணு. ஆஸ்பத்திரிக்கு லேட்டாக் கொண்டுபோனோம். போயிட்டா."

அந்த அம்மா பேனாவை வாங்கினார். எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் முடியாது என்ற மூன்று பேரிடமும் போய் ஏதோ சொன்னார். மூன்று பேரும் வந்து எழுதினார்கள்.

உன் அப்பாவிடம்கூட முழுசாகச் சொல்லாததை, துணி துவைக்கிற இடத்தில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

இப்போது யாருமே முடியாது என்று சொல்வதில்லை. பள்ளி வாசல், சலூன், சலவைக் கடை, எங்கே போனாலும் முதலில் உன் கதையைச் சொல்கிறேன். இரண்டே வரி. உடனே பேனாவை எடுக்கிறார்கள். நாலு நாளில் ஐம்பதுக்கு மேல். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி அக்கா?" என்றார். பல் தெரியச் சிரித்தேன், சொல்லவில்லை. பதில் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள். என் கதையைச் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

என் பிள்ளை எனக்கு உதவி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 18, புதன்

பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது.

ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பையைப் பிரித்தேன். பதினான்காம் கேள்வி. உடனே. உடனே. அரை மணி. உடனே. கால் மணி. உடனே. உடனே போனோம். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை — அப்படியே எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறார் ஒருவர்.

எல்லாரும் உடனே போயிருக்காங்க. ஊர்ல இருக்கிற அத்தனை அம்மாவும் தூக்கிட்டு ஓடியிருக்காங்க. நான் ஒருத்திதான். நான் ஒருத்திதான் உட்கார்ந்து பார்த்துட்டு இருந்திருக்கேன். இதைத் தெரிஞ்சுக்கத்தானா வெயில்ல நின்னேன்?

மார்ச் 19, வியாழன்

வேலைக்குப் போனேன். தரை துடைத்தேன். ஃபாரம் எடுக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

இனிமேல் முடியாது என்று சொல்லத்தான் அறைக்குப் போனேன். அதற்குள் அவர்களே கூப்பிட்டார்கள்.

தும்மல் அண்ணன் மேஜைமேல் இரண்டு கட்டு வைத்திருந்தார். ஒன்று பெரிசு, ஒன்று கொஞ்சம் சின்னது. இன்றைக்கு அவர் தும்மவே இல்லை.

"தங்கச்சி, கோபப்படாதே. பதிமூணாம் தேதி வரைக்கும் வந்தது இது, நோட்டீஸ் பார்த்து வந்தவங்களும் சேர்த்து. தொண்ணூத்தி நாலு. இதுல பாதிக்கு மேல ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம்னு போட்டிருக்காங்க. ஒருத்தர் ஒன்பது மணி நேரம்னு போட்டிருக்கார். பதினாலாம் தேதியிலேர்ந்து வந்தது அறுபத்து நாலு. அதுல அறுபத்தொரு பேரு உடனேயாம். ஊரு ஒரே நாள்ல திருந்திடுச்சா?"

டாக்டரம்மா என்னை உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் நான் தூசிதான் தட்டியிருக்கிறேன், உட்கார்ந்ததில்லை.

"பதினாலாம் தேதி என்ன மாறுச்சு அக்கா?"

சொன்னேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். லேட்டாப் போனோம், போயிட்டா என்று ஒவ்வொருவரிடமும் சொன்னதைச் சொன்னேன்.

அவர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அதைக் கேட்டுட்டு, உங்க முகத்துக்கு எதிர்ல நின்னு, நாங்களும் மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்னு யாரால எழுத முடியும்? பொய் சொல்லணும்னு சொல்லலை அவங்க. பயந்து எழுதியிருக்காங்க. இந்த அறுபத்து நாலையும் நான் சேர்க்க முடியாது."

அறுபத்து நாலும் போச்சு. நியாயமாக எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்று காதில் நின்றது.

"அண்ணே, முன்னாடி வந்ததுல பாதிக்கு மேலன்னு சொன்னீங்களே. நிஜமாவா?"

"எண்ணித்தாம்மா சொல்றேன்."

"ஒன்பது மணி நேரமா?"

"ஒன்பது."

அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று இன்னொரு கேள்வியில் எழுதியிருந்ததாம். நல்லா இருக்கட்டும்.

தும்பி, நான் ஒருத்தி மட்டும் இல்லை. என் வாயால்தான் அத்தனை பேர் வாயையும் அடைத்திருக்கிறேன்.

மார்ச் 21, சனி

காலையில் எழுந்ததும் முடிவு பண்ணிவிட்டேன். பதினொரு நாள் இருக்கிறது, இருநூற்று ஆறு வேண்டும். சேராவிட்டால் அந்தப் பாதிப் பேருடைய மணிகளும் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த நர்ஸ் நாளைக்கும் இன்னொருத்தியைக் கேட்பாள், இதுக்கெல்லாமா என்று.

உன் கதை இனி என் வாயில் வராது. வராது.

டாக்டரம்மா புது ஏற்பாடு சொன்னார். மேலே கீறல் போட்ட ஒரு அட்டைப்பெட்டி. எழுதினவர்களே மடித்து உள்ளே போட வேண்டும், நான் தொடக் கூடாது. எழுதும்போது ஆறு அடி தள்ளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தும்மல் அண்ணன் பெட்டியை டேப் போட்டு ஒட்டிக் கொடுத்து, "கல்யாண மொய்ப் பெட்டி மாதிரி இருக்கு" என்றார்.

சலூனுக்குப் போனேன். சனிக்கிழமை கூட்டம். இருபத்தொன்று.

மார்ச் 22, ஞாயிறு

சலவைக் கடையில் அந்தக் கைக்குழந்தை அம்மா இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு நான் தப்பா எழுதிட்டேன். பெரியவனுக்கு வலிப்பு வந்தப்ப நாங்க மத்தியானம் வரைக்கும் பார்த்தோம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..." என்றார்.

"அதெல்லாம் எங்கிட்ட சொல்லாதீங்க. இந்தாங்க, புது ஃபாரம். பொட்டியில போடுங்க. நான் அந்தப் பக்கம் போயிடறேன்."

போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரில் ஒரு பழைய கடிகாரம், அதில் சின்ன முள் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 23, திங்கள்

உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

"பதினோரு மணிக்கே ஆரம்பிச்சுடுச்சு. மத்தியானத்துக்கு மேல இல்லை. நான் அஞ்சு மணி நேரம் வச்சுட்டு இருந்தேன்."

தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. குழாயை மூடினார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பக்கத்து வீட்டம்மா அன்னைக்கே சொன்னாங்க. பத்தரை பதினோரு மணிக்கே இருமல் சத்தம் கேட்டுச்சுன்னு."

"அப்புறம் ஏன் நீங்க கேட்கலை?"

"கேட்டு?" தட்டைத் துடைத்து வைத்தார். "நீயே சொல்ற வரைக்கும் இருக்கலாம்னு இருந்தேன். நான் மட்டும் என்ன, அன்னைக்கு நீ போன் பண்ணினப்ப லோடு இறக்கிட்டு வர்றேன்னுதானே சொன்னேன்."

ஒரு வீட்டுக்குள்ளே இரண்டு பேரும் ஏழு மாதமாக ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம்.

மார்ச் 24, செவ்வாய்

உன் அப்பா காலையில் ஒரு கட்டு ஃபாரத்தை எடுத்துப் பையில் வைத்தார். அட்டைப்பெட்டி ஒன்றையும் அவரே கீறியிருந்தார், கொஞ்சம் கோணல். அவர் வேலை பார்க்கிற கிடங்கில் டீ நேரத்துக்கு அறுபது பேர் உட்காருவார்களாம். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவரே விதிகளைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். உன் அப்பா சமையல்கட்டில் விறைப்பாக நின்றுகொண்டு பாடம் ஒப்பித்தார்.

மார்ச் 25, புதன்

கிடங்கில் முப்பத்தெட்டு!

"எப்படிக் கேட்டீங்க?"

"பொட்டியை வச்சேன். பிள்ளை குட்டி உள்ளவன் எழுதலாம், இஷ்டமில்லாதவன் டீயைக் குடிக்கலாம்னேன். அவ்வளவுதான்."

இரண்டு வாரமாக நான் தலைகீழாக நின்று படித்ததை இவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். ஆண்கள் எல்லோருக்கும் எழுத்து என்னைவிட மோசமாம். அதில் ஒரு சந்தோஷம்.

மார்ச் 27, வெள்ளி

பகல் விடுப்புப் போட்டுவிட்டு தடுப்பூசி வரிசைக்குப் போனேன். அது ஒரு ஆஸ்பத்திரிதான். ஜூனிலும் ஆகஸ்ட்டிலும் போன ஆஸ்பத்திரி இல்லை, வேறு. ஆனால் மருந்து வாசனை ஒன்றுதானே? வாசலில் கால் நின்றுவிட்டது. பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நூறு வரை எண்ணினேன். எண்பத்திரண்டில் ஒருவர், "உள்ள போறீங்களா, வழி விடுறீங்களா?" என்று கேட்டார். உள்ளே போனேன்.

நாற்பத்து மூன்று. ஒரே இடத்தில் இவ்வளவு சேர்ந்தது இதுதான்.

அந்தக் கேள்வி ஐந்து தடவை வந்தது. உங்களுக்கு எத்தனை பசங்க? முதல் தடவை காதில் விழாதது மாதிரி பேனாவை நீட்டினேன். அப்புறம் ஒரு பதில் கண்டுபிடித்தேன். "வேலை நேரத்துல என் கதை பேசக் கூடாதுன்னு உத்தரவுங்க. உங்க கதையைச் சொல்லுங்க." எல்லோரும் சிரித்துவிட்டுத் தங்கள் பிள்ளையைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒருவன் கட்டிலுக்கடியில்தான் சாப்பிடுவானாம். ஒருத்தி பல்லி செத்ததற்கு மூன்று நாள் அழுதாளாம். இத்தனை பிள்ளைகளைக் கேட்டு வந்தேன்.

மார்ச் 30, திங்கள்

இருநூற்று எழுபத்தொன்பது. பள்ளி வாசலில் சிரிப்பு அம்மா, "இன்னும் எத்தனைக்கா? நான் எங்க தெருவுல ஒரு ரவுண்டு வரட்டுமா?" என்று கேட்டு, பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார். விதியைச் சொல்லச் சொல்ல நடந்துகொண்டே தலையாட்டினார்.

மார்ச் 31, செவ்வாய்

முந்நூற்று ஏழு.

ஏப்ரல் 9, வியாழன்

வேலை முடிந்து கிளம்பும்போது டாக்டரம்மா கூப்பிட்டார். எனக்கென்றே ஒரு தாள் எடுத்து வைத்திருந்தார்.

முந்நூற்று ஏழு பேரில் நூற்று எண்பத்தெட்டு பேர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பொறுத்திருந்திருக்கிறார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் நாற்பத்து நாலு பேர். எனக்கு முன்னால் ஒரு கூட்டமே நிற்கிறது, எனக்குப் பின்னாலும்.

"அடுத்த பக்கம் பாருங்க அக்கா."

பதினைந்தாம் கேள்வி, மற்றவை. அதில் கோட்டின்மேல் சொந்தக் கையால் எழுதினவற்றைத் தும்மல் அண்ணன் ஒன்றுவிடாமல் ஏற்றியிருந்தார். போன தடவை திட்டினாங்க. சும்மா வந்திருக்கேன்னு சொன்னாங்க. இதுக்கெல்லாம் ஏன் வந்தேன்னு கேட்டாங்க. எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டாங்க. அசிங்கமாப் போச்சு. திரும்பப் போகப் பயம். ஒன்று, இரண்டு என்று விரல் வைத்துப் போனேன். அறுபத்தொன்று. எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாமல் அப்படியே போட்டிருந்தார்.

"இது எங்களுக்குத் தோணவே இல்லை. தோணியிருந்தா ஒரு கட்டம் வச்சிருப்போம்" என்றார் டாக்டரம்மா. "அறிக்கையில இதுதான் முதல் பக்கம். ஆஸ்பத்திரிகளுக்கு நேர்லயே கொண்டுபோறேன். வர்றவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு ஒரு வரி மாறினாலும் போதும்."

தும்மல் அண்ணன் திரும்பி உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். அவருக்கு எப்போதும் இருக்கிற சளிதான். இருக்கட்டும்.

அடுத்த ஆராய்ச்சிக்கு அனுமதி கிடைத்துவிட்டதாம். இந்தத் தடவை பெற்றவர்களை இல்லை, பிள்ளைகளையே கேட்கப்போகிறார்கள். ஆறு வயசுக்கு மேலே. உடம்புக்கு முடியாதபோது உனக்கு எப்படி இருந்தது, யாரிடம் சொன்னாய் என்று. ஆள் சேர்க்கிற வேலை எனக்கே. மாப்பு காலையில் மட்டும்.

"முதல் கேள்வி இன்னும் எழுதலை" என்றார் டாக்டரம்மா. "நீங்க என்ன கேட்பீங்க அக்கா? யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். வீட்டுக்கு வந்து, கைகால் கழுவிவிட்டு யோசித்தேன். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. டாக்டரம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, முதலில் உன்னிடம் கேட்டுவிடுகிறேன்.

அன்றைக்குப் பன்னிரண்டு மணி இருக்கும். நீ என் மடியில் சாய்ந்திருந்தாய். இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா, தாங்குவியாடி என்று கேட்டேன். என் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரிம்மா"ன்னு சொன்னாயே —

தும்பி, உன்னால தாங்க முடிஞ்சுதான் சொன்னியா, இல்லை அம்மா திரும்பத் திட்டு வாங்கக் கூடாதுன்னு சொன்னியா?